ஒரு நிமிட நடை

எங்கள் நகரப் போக்குவரத்து வாரியம் 'வழித்துணை' என்ற ஆப்பை வெளியிடும்வரை, தடம் முப்பத்தொன்று பேருந்து ஆஸ்பத்திரியின் முன்வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதை ஒரு குற்றமாக யாரும் நினைத்ததில்லை. ஆப் வந்த பிறகுதான் இத்தனை வருஷமாகப் பேருந்து தப்பான இடத்தில் நின்றிருக்கிறது என்பது தெரிந்தது. வரைபடத்தில் 'மருத்துவமனை' என்ற நிறுத்தம் பின்பக்கச் சாலையில் இருந்தது. வரைபடம் போட்டவர் எங்கேயோ ஒரு ஏசி அறையில் உட்கார்ந்து, ஆஸ்பத்திரியின் முதுகை முகம் என்று நினைத்துப் புள்ளி வைத்துவிட்டார்.

அந்தப் புள்ளியை நகர்த்த வேண்டுமானால் இரண்டு குழுக்கள் கூடி மூன்று மாதம் ஆலோசிக்க வேண்டும். பேருந்தை நகர்த்த ஒரு சுற்றறிக்கை போதும். வாரியம் வேலையை மிச்சம் பிடிப்பதில் கெட்டிக்கார வாரியம். பேருந்தை நகர்த்திவிட்டார்கள்.

நான் அந்த ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் கருவிகளைக் கழுவி, எண்ணி, ட்ரேயில் அடுக்கி, துணியில் கட்டி, ஆவியில் வேகவைக்கிற பிரிவில் இருக்கிறேன். கத்தரி எத்தனை, கவ்வி எத்தனை, ஊசிபிடி எத்தனை என்று சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கட்டின் மேல் ஒட்ட வேண்டும். காலை ஏழரைக்கு முதல் ஆபரேஷன். ஆறே முக்காலுக்கு நான் உள்ளே இருக்க வேண்டும், ஐந்து நிமிடம் வரை மன்னிப்பு உண்டு. எங்கள் பக்கத்திலிருந்து முதல் முப்பத்தொன்று ஆறு ஐந்துக்குக் கிளம்பும். அதற்கு முன் ஒரு வண்டியும் கிடையாது.

ஒன்பது வருஷமாக நான் தற்காலிக ஊழியர். இந்தத் தடவைதான் நான்கு பேரை நிரந்தரமாக்கப் போவதாகப் பட்டியல் வந்தது. நான்காவது பெயர் என்னுடையது. மாதக் கடைசியில் ஆணை. ஒரே நிபந்தனை, அதற்குள் மூன்று தாமதக் குறி விழக்கூடாது. விழுந்தால் பெயர் பட்டியலை விட்டு இறங்கிவிடும். அடுத்த பட்டியல் எப்போது சார் என்று ஆபீஸ் கிளார்க்கைக் கேட்டால் அவர் மின்விசிறியைப் பார்ப்பார்.

புது நிறுத்தத்தின் முதல் நாள். ஆறு நாற்பதுக்குப் பேருந்து பின்பக்கச் சாலையில் நின்றது. பதினான்கு பேர் இறங்கினோம். பதினான்கு போன்களிலும் ஒரே பெண் குரல், தொண்டையில் தேன் தடவிக்கொண்டு பேசியது: "நேராகச் செல்லுங்கள். நடை, ஒரு நிமிடம்."

நேராக ஒரு சுவர் இருந்தது. ஆஸ்பத்திரியின் பின்சுவர். இரண்டு ஆள் உயரம், மேலே உடைந்த பாட்டில் துண்டுகள். சுவருக்கு அந்தப் பக்கம் பிணவறை. ஆஸ்பத்திரிக்குக் குறுக்குவழி என்று பார்த்தால் அது ஒரு வகையில் சரிதான்.

ஒருவர் நான்கு அடி பின்னால் போய் மறுபடி முன்னால் வந்து பார்த்தார். போன் ஒருவேளை மனசை மாற்றிக்கொள்ளும் என்று நினைத்திருப்பார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்த இன்னொருவர் என் சீருடையைப் பார்த்துவிட்டு, "வழி எங்கம்மா?" என்றார்.

"சுத்திப் போகணும் சார். இந்தக் கால்வாய் ஓரமாப் போயி, ரயில்வே பாலம் ஏறி இறங்கி, மெயின் ரோட்டுக்கு வந்து, அப்புறம் முன்வாசல்."

"ஒரு நிமிஷம்னு போட்டிருக்கே."

"ஆமா. போட்டிருக்கு."

அவர் என்னை நம்பவும் முடியாமல் சுவரை நம்பவும் முடியாமல் பேய் முழி முழித்தார். நான் நடக்க ஆரம்பித்தேன். இருபத்து நான்கு நிமிடம் ஆனது.

எங்கள் தலைமை நர்ஸ் கெட்டவர் இல்லை. ஆனால் விதிகளை எழுதியவனே மறந்துபோயிருந்தாலும் அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். முன்பெல்லாம் பேருந்து தாமதமானால் கண்டக்டர் டிக்கெட்டின் பின்னால் 'வண்டி லேட்' என்று கிறுக்கிக் கொடுப்பார். சிஸ்டர் அதை ஏற்றுக்கொள்வார். இப்போது புது உத்தரவு, ஆப் கொடுக்கிற பயணச் சான்று மட்டும்தான் செல்லும். நான் ஆப்பில் பட்டனை அழுத்தினேன். வாரியத்தின் முத்திரையோடு சான்று வந்தது: 'பயணி காலை 6.41க்கு மருத்துவமனையை வந்தடைந்தார். இனிய நாளாக அமையட்டும்.'

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டு தடவை படித்தார்.

"ஆறு நாப்பத்தொண்ணுக்கே வந்துட்டியே."

"நான் வரலை சிஸ்டர். போன்தான் அப்படிச் சொல்லுது."

"போன் உன் கையிலதானே இருந்துச்சு?"

"ஆமா சிஸ்டர்."

"அப்ப ஆறு நாப்பத்தொண்ணுலேர்ந்து ஏழு அஞ்சு வரைக்கும் எங்க இருந்தே?"

"நடந்துக்கிட்டிருந்தேன்."

"ஆஸ்பத்திரிக்குள்ளயா?"

சிஸ்டர் குரலைத் தாழ்த்தி, நல்லதுக்குச் சொல்கிறவர் மாதிரிச் சொன்னார்: "இங்க பாரு. லேட்டா வந்தேன்னு சொன்னா ஒரு குறியோட போச்சு. வந்துட்டு இருபத்திநாலு நிமிஷம் வேலை பார்க்காம சுத்திட்டிருந்தேன்னா அதுக்குத் தனி விசாரணை. எது வேணும், நீயே சொல்லு."

நான் தாமதத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாளிலிருந்து மேம்பால நிறுத்தத்திலேயே இறங்கி ஓட ஆரம்பித்தேன். அது ஆஸ்பத்திரிக்கு இரண்டு நிறுத்தம் முன்னால். அங்கிருந்து முன்வாசலுக்கு ஓடினால் பதினான்கு நிமிடம். நாற்பத்து நான்கு வயதில், ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் செருப்பு. ஆறு நாற்பத்தெட்டு, ஆறு நாற்பத்தொன்பது என்று உள்ளே விழுவேன். பின்பக்கம் வரை போன மற்றவர்கள் தினமும் சுவரைப் பார்த்துவிட்டு இருபத்து நான்கு நிமிடம் நடந்தார்கள். புதிதாக வருகிற நோயாளிகளுக்கு அந்த வழியும் தெரியாது. அவர்கள் அங்கேயே நின்றார்கள்.

ஆப்பில் புகார் செய்ய ஒரு பகுதி இருந்தது. அதில் மூன்று புகார்கள் அனுமதிக்கப்பட்டிருந்தன: 'குரல் இனிமையாக இல்லை', 'நிறம் பிடிக்கவில்லை', 'குறை ஒன்றுமில்லை, மகிழ்ச்சி'. நான் முதலாவதை அழுத்தினேன். அன்று மாலையிலிருந்து ஒரு ஆண் குரல் என்னைச் சுவரில் முட்டிக்கொள்ளச் சொன்னது.

ஓடியே சமாளித்துவிடலாம் என்று இருந்தபோது ஒருநாள் பேருந்து மேம்பாலத்தில் நிற்கவே இல்லை. முப்பத்தொன்றை ஓட்டுகிறவர் பதினெட்டு வருஷமாக ஓட்டுகிறவர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் ஏறுவார், யார் இறங்குவார் என்று அவருக்குத் தெரியும். நான் எழுந்து முன்னால் ஓடினேன்.

"என்னண்ணே, என் ஸ்டாப்ப விட்டுட்டீங்க?"

அவர் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் தாடையால் காட்டினார். ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் வாரியம் மாட்டிவிட்ட போன். அதில் ஒரு பச்சைப் பேருந்து எங்களுக்கு ரொம்ப தூரம் முன்னால் ஓடிக்கொண்டிருந்தது.

"அது யாருண்ணே?"

"அது நான்தான்மா. ஆப்ல நான் இப்ப ரயில்வே ஸ்டேஷன்ல இருக்கேன். அங்க போயி என்னைப் பிடிக்கிற வரைக்கும் எங்கயும் நிக்கக் கூடாதாம். நின்னா இது கத்துது."

"பிடிச்சிட்டீங்களா எப்பவாவது?"

"ஒரு தடவை கிட்டக்க போனேன். அது சிக்னல்ல நிக்காம போயிருச்சு."

அன்று இரண்டாவது குறி விழுந்தது. வார விடுமுறை நாளில் வாரியத்தின் தலைமை அலுவலகத்துக்கே போனேன். நான்காம் மாடி. லிஃப்ட் ஓடவில்லை, ஓடுவதாக வாசலில் இருந்த திரை சொன்னது. நான் திரையை நம்பாமல் படியேறினேன், இதற்குள் கொஞ்சம் தேறிவிட்டேன்.

வரைபட அலுவலர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். நாற்காலி போட்டார், தண்ணீர் கொடுத்தார். சுவர் முழுக்க ஒரு பெரிய திரையில் நகரம் விரிந்திருந்தது. முந்நூறு பச்சைப் புள்ளிகள் அதில் ஒன்றையொன்று இடிக்காமல் ஊர்ந்துகொண்டிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த ஊரில் ஒருத்தரும் எங்கேயும் நின்று காய்வதில்லை என்றுதான் தோன்றும்.

நான் சுவரைப் பற்றிச் சொன்னேன். அவர் அந்த இடத்தைப் பெரிதாக்கினார்.

"எங்கம்மா சுவர்? காட்டுங்க."

"இதுல இல்ல சார். அங்க இருக்கு."

"அங்கன்னா?"

"அந்த இடத்துல சார். நெசத்துல."

அவர் மூச்சை இழுத்துவிட்டார். இந்த மாதிரி ஆட்களைத் தினமும் பார்க்கிறார் போல. "அம்மா, தப்பா நினைக்காதீங்க. வரைபடம் தப்புன்னு நாங்க சொல்றதில்லை. நிலம் இன்னும் ஒத்துழைக்கலைன்னு சொல்லுவோம். இதுக்கு நிலப்பிழைன்னு பேரு. நிலத்தைச் சரிபண்றது வேற துறை."

"அப்ப சுவத்துல ஒரு கதவாவது வைக்கச் சொல்லி எழுதுங்க சார்."

"எழுதலாம். ஆனா எங்க ரெக்கார்டுல அங்க சுவரே இல்லையே. இல்லாத சுவத்துல எப்படிம்மா கதவு வைக்கச் சொல்றது? ஆடிட்ல கேட்பாங்க."

"பழையபடி முன்வாசல்ல நிறுத்தினா?"

அவர் முகம் வாடிப்போனது. மேசையில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கோப்பை இருந்தது. அதை ஒரு தடவை பார்த்தார். "போன மாசம்தான் சிறந்த வரைபடம்னு விருது குடுத்தாங்க. இப்ப புள்ளிய நகர்த்தினா, விருது வாங்கினப்ப தப்பா இருந்துச்சுன்னு ஆயிடும்."

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. "சார், நீங்க கடைசியா எப்ப பஸ்ல போனீங்க?"

"நானாம்மா?" என்றார் அவர், கொஞ்சமும் கோபப்படாமல். திரையைக் காட்டினார். "நான் தினமும் முந்நூறு பஸ்ல போறேன்."

பத்து நாள் கழித்து என் போனுக்கு 'உங்கள் குறை தீர்க்கப்பட்டது' என்று செய்தி வந்தது. உண்மையாகவே ஆட்கள் வந்து வேலை செய்திருந்தார்கள். நிறுத்தத்திலிருந்து சுவர் வரை வழுக்காத கல் பதித்த நடைபாதை. சக்கர நாற்காலி ஏற வசதியாகக் கைப்பிடி வைத்த சாய்தளம், சுவர் வரை. பார்வை இல்லாதவர்கள் காலால் தடவிப் போக மஞ்சள் கோடு, அதுவும் சுவர் வரை. கடைசியில் யாரோ ஒரு பெயிண்டரை விட்டுச் சுவரில் ஒரு கதவு வரைந்திருந்தார்கள். நல்ல கைத்திறமை. கைப்பிடிக்கு நிழல்கூடப் போட்டிருந்தார். முதல் நாள் இரண்டு பேர் அதைத் திறக்கப் பார்த்தார்களாம்.

அந்த நடைபாதையைத் திறந்துவைக்க வாரியத் தலைவரே வந்தார். காலை ஏழு மணிக்கு விழா, நெரிசல் நேரத்துக்கு முன்னாலேயே முடித்துவிடுவதற்காக. தலைவர் கார் வருவதற்காக ஆறரைக்கே சாலையை மறித்துவிட்டார்கள். மேம்பாலத்தில் இறங்க விடவில்லை. பேருந்தை நேராகப் பின்பக்கத்துக்கு ஓட்டிவந்து, எங்கள் எல்லாரையும் இறக்கி, பந்தலில் உட்காரவைத்தார்கள். பயணிகள் பகுதியில் கூட்டம் குறைவாக இருந்ததாம். நான் எழுந்தேன். தொண்டர் ஒருவர் தோளைப் பிடித்து அழுத்தி, "உங்களுக்காகத்தான்மா விழாவே, உக்காருங்க" என்றார்.

தலைவர் பேசினார்.

"நண்பர்களே, ஒரு காலத்துல நாம பஸ்ஸுக்காகக் காத்துக்கிட்டிருந்தோம். எவ்வளவு நேரம் காத்திருக்கோம்னே தெரியாம காத்திருந்தோம். இன்னைக்கும் காத்திருக்கோம். ஆனா எத்தனை நிமிஷம்னு துல்லியமாத் தெரிஞ்சு காத்திருக்கோம். இதத்தான் வளர்ச்சின்னு சொல்றது."

கைதட்டல்.

"நான் பஸ்ல போறதில்லைன்னு சிலர் குறை சொல்றாங்க. ஏன் போறதில்லை? நான் ஏறினா ஒரு பயணிக்கு உக்கார இடம் போயிடுமே. அந்த ஒரே காரணத்துக்காக இருபது வருஷமா நான் கார்ல கஷ்டப்பட்டுக்கிட்டிருக்கேன். இந்த மாசம் மட்டும் முப்பத்தொன்பதாயிரம் பேர் இந்த ஒரு நிமிட நடையை முடிச்சிருக்காங்கன்னு நம்ம கம்ப்யூட்டர் சொல்லுது. நல்லாக் கவனிங்க. ஒருத்தர்கூட ஒண்ணேகால் நிமிஷம் எடுத்துக்கலை. நம்ம மக்கள் அவ்வளவு சுறுசுறுப்பு."

பிறகு ரிப்பன் வெட்டினார். ஆப்பைக் கையில் பிடித்து நடைபாதையில் நடந்து காட்டினார். சுவர் வந்ததும் ஒரு கணம் நின்றார். அப்புறம் அதற்காகவே வந்தவர்போல எங்கள் பக்கம் திரும்பிக் கையசைத்தார். அவர் போனில், 'சேர்ந்துவிட்டீர்கள்' என்று குரல் சொன்னது. மறுபடி கைதட்டல்.

நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது எட்டு இருபது. முதல் ஆபரேஷனுக்கு ட்ரே இல்லாமல் டாக்டர் கையைக் கழுவிக்கொண்டு முக்கால் மணி நேரம் நின்றிருந்தார். மேசையில் படுத்திருந்தவர், பயத்தில் மூன்று தடவை பாத்ரூம் போய்விட்டு வந்திருந்தார். சிஸ்டர் என்னைத் திட்டவில்லை. நோட்டைத் திறந்து மூன்றாவது குறியைப் போட்டு, அதை எனக்கும் காட்டினார். "வெள்ளிக்கிழமைக்குள்ள வாரியத்துலேர்ந்து லெட்டர் கொண்டாந்தா ஒரு குறிய எடுத்துடலாம். இல்லேன்னா பேரு இறங்கிடும். என்னால ஒண்ணும் செய்ய முடியாதும்மா" என்றார்.

வரைபட அலுவலருக்குப் போன் போட்டேன். அவர் நான் எதிர்பார்த்ததைவிடச் சந்தோஷமாகப் பேசினார். "நானே உங்களைக் கூப்பிடலாம்னு இருந்தேன். நேர்லயே வர்றேன். வேலை முடிஞ்சு நிறுத்தத்துக்கு வந்துருங்க."

மறுநாள் வேலை முடிந்து, சுற்றிப் போய், பின்பக்க நிறுத்தத்தில் நின்றேன். போன் அடித்தது.

"நான் வந்துட்டேன்மா. நீங்க எங்க?"

"நிறுத்தத்துல சார்."

"நானும் நிறுத்தத்துலதான் இருக்கேன்."

குரல் போனிலும் கேட்டது, சுவருக்கு மேலேயும் கேட்டது. கார் அவரை முன்வாசலில் இறக்கிவிட்டிருக்கிறது. உள்ளே நடந்து நேராகப் பிணவறைக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டிருந்தார்.

"சார், நீங்க சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கீங்க."

போனைப் பார்த்திருப்பார். "இல்லையேம்மா. நாம ரெண்டு பேரும் ஒரே இடத்துல நிக்கிறோம். ரெண்டு புள்ளியும் ஒண்ணு மேல ஒண்ணு இருக்கு."

"அப்ப லெட்டரைக் கையில குடுங்க சார்."

பிறகு ஒரு கல்லில் சுற்றிய காகிதம் சுவரைத் தாண்டி வந்து என் காலடியில் விழுந்தது. பிரித்தேன். வாரியத்தின் கடிதம் இல்லை, ஒரு படிவம்.

அவர் அந்தப் பக்கத்திலிருந்தே விளக்கினார். விருது கொடுத்தவர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்களாம். ஒவ்வொரு நிறுத்தத்தையும் அந்த இடத்தை நன்றாகத் தெரிந்த ஒருவர் உறுதி செய்ய வேண்டும். நகரத்தில் எல்லா நிறுத்தத்துக்கும் ஆள் கிடைத்துவிட்டது, இது ஒன்றுதான் பாக்கி. படிவத்தில் இப்படி இருந்தது: 'மேற்படி நடைபாதை நேரானது, தடையற்றது, ஒரு நிமிடத்துக்கு உட்பட்டது என்பதை, ஒன்பது ஆண்டு அனுபவமுள்ள மருத்துவமனை ஊழியர் என்ற முறையில் உறுதி செய்கிறேன்.'

"நீங்க கையெழுத்துப் போட்டுக் குடுத்தா, விழா அன்னைக்கு நீங்க வாரியத்தோட வேலையா இருந்தீங்கன்னு நான் லெட்டர் குடுக்கிறேன். உங்க குறி போயிடும். யாருக்கும் நஷ்டமில்லை. கல்லைத் திருப்பி வீச வேண்டாம், நாளைக்கு ஆபீஸ்ல குடுத்தாப் போதும்."

என் வீட்டுக்காரர் சோபாவுக்கு உறை தைக்கிறவர். நான் போனபோது வாயில் இரண்டு ஊசியோடு யாருடைய நாற்காலியையோ கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். ஊசியை எடுத்தார்.

"போடலைன்னா என்ன ஆகும்?"

"பேரு இறங்கிடும்ங்க. அடுத்த லிஸ்ட் வர்றதுக்குள்ள நான் கிழவியாயிருவேன்."

"போட்டா?"

"பொய்யில கையெழுத்துப் போட்டதாகும்."

அவர் நாற்காலியின் வயிற்றை ஒரு தடவை தட்டிப் பார்த்தார். "சுவரு அங்கதானே நிக்குது? போறவங்களுக்குத் தெரியாதா? போடு. போட்டுட்டு அப்புறம் உறுத்துது உறுத்துதுன்னு என்கிட்ட வந்து சொல்லாதே."

ஒன்பது வருஷத்தில் எண்ணாமல் ஒரு சீட்டில்கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. பன்னிரண்டு கவ்வி என்று எழுதிப் பதினொன்று வைத்தால் மிச்சம் ஒன்று யாருடைய வயிற்றில் என்று தேட வேண்டிவரும். அந்தப் பயம் விரல் நுனியிலேயே இருக்கும். அன்று கண்ணை மூடிக்கொண்டு போட்டேன். அவமானமாக இருந்தது. மாதக் கடைசியில் நிரந்தர ஆணை கைக்கு வந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது, அதை மறைக்கப் போவதில்லை. சிஸ்டர் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிளார்க் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

ஆணை வந்து நான்காவது நாள், முப்பத்தொன்று மறுபடி தன்னையே துரத்திக்கொண்டு மேம்பாலத்தில் நிற்காமல் போனது. சுவருக்கு முன்னால் இறங்கினேன். பன்னிரண்டு பேர் போனோடு நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒரு அம்மாவுக்கு ஒரு கண்ணில் பஞ்சு வைத்துக் கட்டியிருந்தது. கையில் மருத்துவச் சீட்டுகள் திணித்த துணிப்பை. வரைந்த கதவை உள்ளங்கையால் தட்டிக்கொண்டிருந்தார்.

"அது கதவில்லைம்மா" என்றேன். "சுத்திப் போகணும். என்கூட வாங்க, காட்டுறேன்."

"எவ்வளவு தூரம்?"

"இருபத்தஞ்சு நிமிஷம்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏழரைக்குள்ள கட்டுப் பிரிக்கணும். விட்டா டாக்டர் ஆபரேஷனுக்குப் போயிருவாராம், கண்ணு கெட்டுப்போயிரும்னு சொன்னாங்க. இங்க ஒரு நிமிஷம்னு இருக்கு, நீ இருபத்தஞ்சுங்கிற." போனை என் முகத்துக்கு நேரே நீட்டினார். வழிக்குக் கீழே ஒரு பச்சைக் குறி. பக்கத்தில் எழுதியிருந்தது: 'உறுதி செய்யப்பட்டது. மருத்துவமனை ஊழியர், 9 ஆண்டு அனுபவம்.'

"ஆஸ்பத்திரிக்காரங்களே கையெழுத்துப் போட்டிருக்காங்க பாரு" என்றார். "ஒம்போது வருஷமா அங்க இருக்கிறவங்களுக்குத் தெரியாதது உனக்குத் தெரியுமா?"

"அது நான்தாம்மா."

"எது?"

"அந்தக் கையெழுத்து. நான் போட்டது. பொய்தான் சொன்னேன். இங்க வழி இல்லை."

அவர் யோசித்தார். சரியாகத்தான் யோசித்தார். "பொய் சொல்றவ பேச்சைக் கேட்டு நான் எப்படி உன்கூட வர்றது?" என்று கேட்டுவிட்டு மறுபடி சுவரைத் தட்ட ஆரம்பித்தார்.

மணி ஆறு நாற்பத்து மூன்று. இதற்கு மேல் பேசுவதில் பிரயோஜனம் இல்லை. நான் அவர் கையிலிருந்த துணிப்பையைப் பிடுங்கிக்கொண்டு கால்வாய்ப் பக்கம் நடந்தேன்.

"ஏய், என் பை" என்று அவர் பின்னால் வந்தார். நான் வேகத்தைக் கூட்டினேன். அவரும் கூட்டினார், ஒற்றைக் கண்ணோடு நல்ல வேகம். "திருடி, திருடி, பிடிங்க" என்று கத்தினார். சுவருக்கு முன்னால் நின்ற பதினோரு பேரும் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவருக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். ஒரு திருடியைப் பிடிக்க ஆப் எதற்கு? ரயில்வே பாலத்தில் ஏறும்போது ஒருவர் என் முந்தானையைப் பிடிக்கப் பார்த்தார், உதறிவிட்டு இறங்கினேன். மெயின் ரோட்டில் இரண்டு பேர் குறுக்கே மறித்தார்கள், குனிந்து புகுந்தேன். அந்த அம்மா விட்ட வசவுகளில் பாதியை நான் அதுவரை கேட்டதே இல்லை.

ஏழு மணிக்கு எல்லாரும் ஆஸ்பத்திரி முன்வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றோம். பையைத் திருப்பிக் கொடுத்து, "கண் பிரிவு வலது பக்கம், முதல் ரூம்" என்றேன். அந்த அம்மா பையைப் பிரித்து ஒவ்வொரு சீட்டாகச் சரிபார்த்தார். எதுவும் குறையவில்லை என்று தெரிந்ததும் நிமிர்ந்து போர்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வலது பக்கம் ஓடினார். மற்றவர்களும் அவரவர் பிரிவைத் தேடிப் போனார்கள். ஆப் வந்த நாளிலிருந்து முப்பத்தொன்றில் வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது அன்றுதான்.

நிரந்தர ஊழியராக எனக்கு விழுந்த முதல் தாமதக் குறியை சிஸ்டர் போட்டார். காரணம் என்ன என்று கேட்டார். பை திருடினேன் என்றேன். அவர் நோட்டில் அதற்கான பத்தியைத் தேடிக்கொண்டிருக்கும்போது, நாளைக்கு யாருடைய பை என்று யோசித்துக்கொண்டே நான் கவ்விகளை எண்ண ஆரம்பித்தேன்.